2 ஆண்டுக் கெடுவும் 48 ஆண்டு மூங்கிலும்: ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வனவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்கி எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று கேட்டார். மூங்கில் பூப்பது பற்றிய இயல். “இந்தியன் ஃபாரஸ்டருக்கு அனுப்புங்களேன்” என்றேன். “அதோட இம்பாக்ட் ஃபேக்டர் பத்தாதே சார்” என்றார். மேற்கோள்களை எண்ணி இதழ்களைத் தரவரிசைப்படுத்தும் எண் அது.

சரி, அவர் சொன்னதில் தப்பில்லை. நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவரிடம் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான். ஆனால் அந்த இயலின் கடைசியில் இருந்த மேற்கோள் பட்டியலைப் புரட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் திரும்பத் திரும்ப வந்த இதழ்ப் பெயர் இந்தியன் ஃபாரஸ்டர். 1876, 1899, 1914 என்று எல்லாம் பழைய பழைய ஆண்டுகள்.

அவரைப் பொறுத்தவரை அது சான்று காட்டத் தகுந்த இதழ், ஆனால் எழுதத் தகாத இதழ். இந்த நிலை எப்படி வந்தது என்று பார்ப்பதற்காகத்தான் இந்த இதழை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டேன். ஓர் இதழின் வீச்சை எப்படி அளக்கிறார்கள், வனவியலுக்கு அந்த அளவுகோல் எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் இதழ் எனக்குத் தெரிந்து இல்லை.

அதிகாரிகளின் அரட்டையாகத் தொடங்கியது

இந்தியன் ஃபாரஸ்டர் 1875-இல் தொடங்கியது. தொடங்கியவர் வில்லியம் ஷ்லிக். கீசன் பல்கலைக்கழகத்தில் படித்த ஜெர்மானியர். அப்போது இந்திய வனத்துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரான டீட்ரிக் பிராண்டிஸும் ஜெர்மானியர்தான். பிரிட்டிஷ் ஆட்சிக்குக் காடு வளர்க்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஜெர்மானியர்கள் என்பது வனவியல் வரலாற்றில் அடிக்கடி மறந்துபோகிற செய்தி.

காலாண்டிதழாகத் தொடங்கி, பிறகு மாத இதழாயிற்று. அமெரிக்காவில் வனவியலுக்கென்று ஒரு காலாண்டிதழ் வந்தது 1902-இல். டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் அமைந்ததே 1906-இல். ஆக, ஆராய்ச்சி நிறுவனம் வருவதற்கு 31 ஆண்டுகள் முன்பே இதழ் வந்துவிட்டது. இந்த வரிசை முக்கியம். ஆய்வாளர்களுக்காக உருவான இதழ் இல்லை இது. பர்மாவிலும் பஞ்சாபிலும் மலபாரிலும் தனித்தனியே காட்டுக்குள் கிடந்த அதிகாரிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள உருவானது. பழைய தொகுதிகளைப் புரட்டினால் மர விலை, வேட்டைக் கதை, மேலதிகாரி மேல் மறைமுகக் கோபம், ‘என் கோட்டத்தில் இந்த ஆண்டு இது பூத்தது’ என்ற அரைப் பக்கக் குறிப்பு என்று எல்லாம் கலந்து கிடக்கும். இன்றைய கணக்கில் அதில் பாதி ‘கட்டுரை’ என்ற வகைக்குள்ளேயே வராது.

வேடிக்கை என்னவென்றால், நூறு ஆண்டு தாண்டியும் எடுத்தாளப்படுவது பெரும்பாலும் அந்தப் பாதிதான்.

மூங்கில் குறிப்புகள் போன தூரம்

இதழின் முதல் தொகுதியிலேயே, 1876-இல், சுல்பிஸ் குர்ஸ் மூங்கிலையும் அதன் பயன்களையும் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் உலர்தாவரத் தொகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். 1899-இல் பிராண்டிஸ் இந்திய மூங்கில்களின் வாழ்வியல் பற்றி 25 பக்கம் எழுதினார். 1914-இல் பிராட்லி என்பவர் பர்மாவின் புரோம் கோட்டத்தில் கியாதாங் மூங்கில் பூத்ததை நான்கு பக்கத்தில் பதிவு செய்தார். இவற்றுக்கு நடுவில் ஊர் ஊராக, கோட்டம் கோட்டமாகச் சிறு குறிப்புகள். பூத்த இடம், மாதம், பரப்பு, பூத்தபின் காய்ந்ததா இல்லையா, எலி வந்ததா, காட்டுக்கோழி வந்ததா.

எழுதியவர்களுக்குப் பெரிய கோட்பாடு எதுவும் மனதில் இருந்திருக்காது. பார்த்தார்கள், எழுதினார்கள்.

1976-இல் டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: மூங்கில் பூக்க ஏன் இத்தனை காலம் காத்திருக்கிறது? அவருடைய விடை சுருக்கமாக இது. பல பத்தாண்டுகள் காத்திருந்து எல்லாப் புதர்களும் ஒரே சமயத்தில் பூத்து விதை கொட்டினால், எலியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் தின்று தீராது, மிச்சம் முளைக்கும். தனியாக அவசரப்பட்டுப் பூத்த புதரின் விதை முழுக்க வயிற்றுக்குள் போய்விடும். சூழலியல் படிக்கிற எவரும் இன்றும் கடந்து போகிற கட்டுரை அது. அதற்கான சான்றுகளை அவர் எங்கிருந்து எடுத்தார்? ஒருவர் வாழ்நாளில் ஒரு மூங்கில் இனம் இரண்டு முறை பூப்பதைப் பார்ப்பதே அரிது. சோதனைக்கூடத்தில் செய்ய முடியாது. ஆகவே பழைய பதிவுகளைத்தான் நம்ப வேண்டும். ஜான்செனின் மேற்கோள் பட்டியலில் இந்தியன் ஃபாரஸ்டர் குறிப்புகள் வரிசையாக வருகின்றன.

இதை இன்றைய அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். 1914-இல் வந்த ஒரு குறிப்பு, வெளிவந்த அடுத்த 2 ஆண்டு மேற்கோளை மட்டும் எண்ணும் இப்போதைய விதிப்படி இதழுக்குப் பெருமை சேர்க்க வேண்டுமானால், 1915-இலோ 1916-இலோ யாராவது அதை மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது என்பது வேறு கதை. 1976-இல் ஒருவர் எடுத்தாண்டால் இடையில் 62 ஆண்டுகள். கணக்கில் அது பூச்சியம்.

மிசோரத்தைப் பாருங்கள். அங்கே மெலோகன்னா என்ற மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். பூத்தால் எலி பெருகும், மூங்கில் விதை தீர்ந்ததும் எலிகள் வயலுக்கு இறங்கும், பஞ்சம் வரும். மிசோ மக்கள் அதை மவுதாம் என்கிறார்கள். 1959 பஞ்சத்தின்போது அரசு சரியாகக் கவனிக்கவில்லை என்ற கோபத்தில் பிறந்த நிவாரண அமைப்புதான் லால்டெங்காவின் தலைமையில் மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. 1966-இல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. 1911, 1959 என்று பழைய பதிவுகள் இருந்ததால் அடுத்தது 2007-ஐ ஒட்டி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. மாநில அரசு எலி வாலுக்குக் காசு கொடுத்துப் பிடிக்கச் சொன்னது. 48 ஆண்டுக்கு முந்தைய பதிவு ஒன்று இப்படி ஒரு மாநிலத்தின் நிர்வாகத்துக்கே நாள் குறித்துக் கொடுக்கிறது. இதற்குப் பெயர் தாக்கம் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

2015-இலும் மூங்கில்களின் பூக்கும் இடைவெளி பரிணாமத்தில் எப்படிப் பெருக்கல் கணக்கில் நீண்டது என்று ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்கும் அடிப்படை வரலாற்றுப் பதிவுகளே.

தீயும் வண்டும்

1896-இல் ஸ்லேட் என்ற அதிகாரி இதே இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பர்மாவில் காட்டுத் தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பதே தலைப்பும் வாதமும். தீயே அண்டாமல் காத்த ஈரமான தேக்குக் காடுகளில் அடிக்காடு மண்டி, தேக்கங்கன்று முளைக்க வழியில்லாமல் போகிறது என்றார். தீ என்றாலே எதிரி என்று துறை முழுக்க நம்பிய காலம் அது. துறை அதிகாரிகளே நடத்திய இதழில் துறையின் அடிப்படைக் கொள்கைக்கு எதிராக ஓர் அதிகாரி எழுத முடிந்திருக்கிறது; இன்றைக்கு இது நடக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம். அதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் சண்டை நடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பர்மாவின் பல தேக்குக் காடுகளில் தீத்தடுப்பு படிப்படியாகக் கைவிடப்பட்டது.

வனவரலாறு எழுதுகிறவர்கள் இப்போதும் ஸ்லேடை எடுத்துக்காட்டுகிறார்கள். கேள்வியும் செத்துப்போகவில்லை. சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பெரியவர்கள், தரைத்தீ வைப்பதை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி காடு முழுக்கப் பரவியது என்கிறார்கள். முதுமலையிலும் தீ, உண்ணிச்செடி இரண்டுக்கும் என்ன உறவு என்ற ஆய்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சால் மரத்தைத் துளைக்கும் வண்டின் கதையும் இதே மாதிரி. 1920-களில் மத்திய இந்தியாவில் பெரிய தாக்குதல் வந்தபோது டேராடூனின் பூச்சியியலாளர் பீசன் அதை ஆராய்ந்தார். ஒரு மரத்தை வெட்டிப் பட்டையை நசுக்கிப் போட்டால் சாறு வாசத்துக்கு வண்டுகள் கூடும், பிடித்துக் கொன்றுவிடலாம். இந்தப் பொறிமர முறைக்கு 1990-களில் மத்தியப் பிரதேசத்தில் மறுபடி பெரும் தாக்குதல் வந்தபோது தேவை வந்தது. 70 ஆண்டுக்கு முந்தைய வெளியீடுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

கெடு எங்கிருந்து வந்தது

இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது தாக்கக் காரணி, எளிய வகுத்தல் கணக்கு. ஓர் இதழின் 2024-ஆம் ஆண்டுத் தாக்கக் காரணி வேண்டுமென்றால், அந்த இதழில் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் வந்தவற்றுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை எண்ண வேண்டும். அதை அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 100 கட்டுரை, 150 மேற்கோள் என்றால் 1.5. அவ்வளவுதான். 2021-இல் வந்த கட்டுரைக்கு 2024-இல் ஆயிரம் மேற்கோள் கிடைத்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

இதற்கு விதை போட்டவர் யூஜின் கார்ஃபீல்டு. 1955-இலேயே மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை எழுதினார். பிலடெல்பியாவில் நிறுவனம் தொடங்கி 1960-களில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். எந்த இதழ்களை அட்டவணையில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. இதழ்களின் தரவரிசை அறிக்கை 1975 முதல் வரத் தொடங்கியது. நூலகர்கள் சந்தா கட்டும் முன் பார்த்துக்கொள்ளும் பட்டியல். அது பேராசிரியர் பதவிக்கும் பட்டத்துக்கும் அளவுகோலானது பிற்பாடு.

உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல் மாதிரியான துறைகளுக்கு 2 ஆண்டு ஓரளவு பொருந்தும். ஒருவர் சோதனையை இன்னொருவர் சில மாதங்களில் செய்து பார்த்து எழுதிவிடலாம். தேக்கில் ஒரு விதைமூல ஆய்வு, அதாவது வெவ்வேறு இடத்து விதைகளை நட்டு ஒப்பிடும் ஆய்வு, செய்கிறீர்கள் என்று வையுங்கள். கன்று நட்டு, முதல் அளவீட்டுக்கு 5 ஆண்டு. கட்டுரை வெளிவர இன்னும் ஓர் ஆண்டு. அதைப் படித்து வேறோர் ஊரில் ஒருவர் அதே மாதிரி நட்டால் அவருக்கும் 5 ஆண்டு. அவர் உங்களை மேற்கோள் காட்டும்போது உங்கள் கட்டுரை கெடு தாண்டி எங்கேயோ போயிருக்கும். தரவரிசை அறிக்கைக்காரர்களுக்கும் இது தெரியும். மேற்கோள்களின் ‘அரை ஆயுள்’ என்று தனியாக ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். ஓர் இதழுக்குக் கிடைக்கும் மேற்கோள்களில் பாதி எத்தனை ஆண்டுக்குள் வந்த கட்டுரைகளுக்குப் போகிறது என்பதுதான் அது. பல காலம் அது 10 ஆண்டைத் தாண்டினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு ‘10-க்கு மேல்’ என்று மட்டும் போட்டார்கள். 2007 முதல் 5 ஆண்டுக் காரணியும் வருகிறது. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் சைட்ஸ்கோர் என்ற தன் அளவை இப்போது 4 ஆண்டுக்குக் கணக்கிடுகிறது. இவை பரவாயில்லை. ஆனால் வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் கேட்பது பெரும்பாலும் பழைய 2 ஆண்டு எண்ணையே.

நீண்ட தூக்கத்துக்கு வனவியலில் ஓர் உச்ச உதாரணம் உண்டு. 1849-இல் மார்ட்டின் ஃபாவுஸ்ட்மான் என்ற ஜெர்மானியர், மரத்தை எந்த வயதில் வெட்டினால் அந்த நிலத்துக்கு அதிக மதிப்பு என்று கணக்கிட ஒரு சூத்திரம் எழுதினார். ஜெர்மன் வன இதழ் ஒன்றில் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 1968-இல். நோபல் பெற்ற பொருளியலாளர் பால் சாமுவேல்சன் 1976-இல், வெட்டுச் சுழற்சி பற்றி எழுதிய எத்தனையோ பேர் தப்பாகக் கணக்குப் போட்டிருக்க, இந்த மனிதர் மட்டும் அப்போதே சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று காட்டினார். 127 ஆண்டு. இன்று வனப் பொருளியல் பாடமே அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது.

ஆனால் கெடு மட்டும்தான் குற்றவாளியா?

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் இந்தியன் ஃபாரஸ்டருக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோன்றும். ஓரளவு உண்மைதான். ஆனால் வழக்கு அவ்வளவு சுலபமில்லை.

நெதர்லாந்திலிருந்து எல்செவியர் நிறுவனம் 1970-களின் பிற்பாதியிலிருந்து நடத்தும் ‘ஃபாரஸ்ட் எக்காலஜி அண்ட் மேனேஜ்மென்ட்’ இதழும் மரங்களைப் பற்றித்தான் எழுதுகிறது. அதற்கும் அதே 2 ஆண்டுக் கெடு. மரம் அங்கேயும் மெதுவாகத்தான் வளர்கிறது. இருந்தும் அதன் தாக்கக் காரணி அண்மை ஆண்டுகளில் 4-ஐ ஒட்டியே இருக்கிறது. தரவரிசையில் அந்த உயரத்தில் இந்தியன் ஃபாரஸ்டரைத் தேடக் கூடாது. ஆகவே எல்லாப் பழியையும் கெடுவின் மேல் போட முடியாது.

வித்தியாசம் எங்கே? என் கணிப்பில் முதல் காரணம், கேள்வியின் அகலம். ஒரு மாவட்டத்து நாற்றங்காலில் ஒரு மரத்தின் விதையை மூன்று விதமாக நேர்த்தி செய்தபோது முளைப்புத் திறன் எவ்வளவு என்பது பயனுள்ள செய்தி. அந்த நாற்றங்காலுக்கும் பக்கத்து நாற்றங்காலுக்கும் பொன் போன்ற செய்தி. ஆனால் ஃபின்லாந்திலோ பிரேசிலிலோ இருப்பவர் அதை மேற்கோள் காட்ட முகாந்திரம் இல்லை. அதே தரவை வைத்து ‘வறண்ட வெப்பமண்டலத்தில் விதை உறக்கம் ஏன் இப்படி அமைகிறது’ என்று கேட்டிருந்தால் அது கடல் தாண்டும். பழைய மூங்கில் குறிப்புகளும் உள்ளூர்ச் செய்திதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவை வேறெங்கும் கிடைக்காத, மறுபடி செய்ய முடியாத பதிவு. முளைப்புச் சோதனையை யாரும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்யலாம். 1914-இல் புரோமில் பூத்த மூங்கிலை மறுபடி பூக்க வைக்க முடியாது.

இரண்டாவது காரணம் நாமே செய்துகொண்டது. தேசிய வேளாண் அறிவியல் கழகம் இதழ்களுக்கு மதிப்பெண் போடுகிறது. தாக்கக் காரணி உள்ள இதழ் என்றால் 6-உடன் அந்தக் காரணியையும் கூட்டிக்கொள்வார்கள். இல்லாத இதழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 6-ஐத் தாண்டாது. மேட்டுப்பாளையத்தில் இருப்பது மாதிரி வேளாண் பல்கலைக்கழகங்களின் குடையில் வரும் வனக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் பணியாற்றுபவர்களுக்கும் இந்த எண்ணின் கனம் தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தனியாக ஓர் இதழ்ப் பட்டியல் கொண்டுவந்து, 2025-இல் அதைக் கைவிட்டது. ஆக, நல்ல கையெழுத்துப்படி முதலில் வெளிநாட்டு இதழுக்குப் போகும். அங்கே திரும்பி வந்தால் அடுத்ததுக்கு. எல்லாம் சுற்றி முடித்தபின் எஞ்சியது உள்நாட்டு இதழின் மேசைக்கு வரும். அப்புறம் மேற்கோள் குறைகிறது, மதிப்பெண் குறைகிறது, இன்னும் குறைவாக நல்ல கட்டுரை வருகிறது. செக்குமாடு சுற்றுகிற மாதிரி ஒரே தடத்தில்.

ஆய்வாளரை இதழின் எண்ணால் அளக்காதீர்கள் என்று 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிப் பேசி, அறிவிப்பே வெளியிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில். நம் ஊர் நேர்முகத் தேர்வு அறைக்குள் அந்த அறிவிப்பு இன்னும் வந்து சேரவில்லை.

காணாமல் போகும் மேற்கோள்கள்

இன்னொன்று இருக்கிறது. சின்ன விஷயம் மாதிரித் தோன்றும், ஆனால் இந்த நிகழ்வில் எனக்கு மிக எரிச்சலூட்டியது இதுதான்.

மேற்கோளை எண்ணுவது மனிதர்கள் இல்லை, கணினி. ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒருவர் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ என்று முழுசாக எழுதுவார். ஒருவர் ‘இந்தியன் ஃபார்.’ என்று வெட்டுவார். இன்னொருவர் ‘இந்த். ஃபாரஸ்ட்.’ என்பார். சிலர் முன்னால் ஆங்கிலச் சுட்டுச்சொல் சேர்ப்பார்கள். தொகுதி எண் ஒன்று தள்ளிப் போயிருக்கும். பக்க எண் இருக்காது. ஒரே குறிப்பு ஐந்து வேடத்தில் வந்தால் கணினி அதை ஐந்து தனிக் குறிப்பாகவோ, எதுவுமே இல்லாததாகவோ எடுத்துக்கொள்ளும்.

இதைச் சரிசெய்யத்தான் கட்டுரைக்கு ஒரு நிரந்தர எண் கொடுக்கிறார்கள். டி.ஓ.ஐ. என்பார்கள். கட்டுரைக்கு ஆதார் எண் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தியன் ஃபாரஸ்டரின் அண்மைக் கட்டுரைகளுக்கு அந்த எண் இருக்கிறது. ஆனால் இதழின் உண்மையான சொத்து முதல் நூறு தொகுதிகளில். அவை அந்த எண் என்ற யோசனையே இல்லாத காலத்தவை. போதாக்குறைக்கு, ஸ்கோபஸ் 2004-இல் வந்தபோது 1996-க்குப் பிந்தைய கட்டுரைகளின் மேற்கோள்களையே முறையாகக் கணக்கெடுத்தது. பிறகுதான் 1970 வரை பின்னே போனது. 1976-இல் ஜான்சென் காட்டிய மேற்கோள்கள் எல்லாம் பல காலம் அந்தக் கணக்கில் இல்லாத மேற்கோள்கள்.

முன்பு இந்தப் பழைய தொகுதிகளைப் படிக்க டேராடூனுக்கோ பழைய வனக் கல்லூரி நூலகங்களுக்கோ போக வேண்டும். கோவையில் 1912-இலேயே வனக் கல்லூரி வந்துவிட்டதால் தெற்கே உள்ளவர்களுக்கு அது ஒரு வசதி. செல்லரித்த தோல் அட்டை, தொட்டால் உதிரும் தாள். இப்போது ஆரம்பத் தொகுதிகள் பல வருடப்பட்டு (ஸ்கேன் செய்யப்பட்டு) இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் வருடிப் போட்டதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு குறிப்பும் தனித்தனியாகப் பெயர், ஆசிரியர், பக்கம் பிரித்து அட்டவணையில் ஏற வேண்டும். 600 பக்கத் தொகுதி ஒரே கோப்பாகக் கிடந்தால் அதற்குள் இருக்கும் அரைப் பக்கக் குறிப்பை எந்தத் தேடுபொறி கண்டுபிடிக்கும்?

எண்ணில் வராத வாசகர்கள்

வனவியலில் படிப்பவர் எல்லாரும் எழுதுபவர் இல்லை. இது முக்கியமான வித்தியாசம். இயற்பியல் கட்டுரையைப் படிப்பவர் பெரும்பாலும் இயற்பியல் கட்டுரை எழுதுபவர். வன இதழைப் படிப்பவர் ஒரு வனச்சரகராக இருக்கலாம், மாவட்ட வன அலுவலராக இருக்கலாம். அவர் படித்ததைக் காட்டில் செய்வார். எழுத மாட்டார். கோட்டத்துக்கான செயல்திட்டத்தில் ஒரு வரி எழுதினாலும் அந்த ஆவணத்தை எந்த மேற்கோள் அட்டவணையும் எண்ணாது.

இதன் உச்சத்தை ஹாரி சாம்பியன் என்ற வனவியலாளரிடம் பார்க்கலாம். அவர் 1936-இல் இந்திய, பர்மியக் காடுகளை வகை பிரித்தார். அது இதழில் வரவில்லை. டேராடூன் நிறுவனம் தனியாக நடத்திய ‘இந்திய வன ஆவணங்கள்’ வரிசையில் வந்தது. 1968-இல் சேத் என்பவரோடு சேர்ந்து திருத்தி எழுதினார். 16 பெருவகைகள். இந்திய வன ஆய்வு நிறுவனம் நாட்டின் காட்டுவகை வரைபடத்தை அந்தப் பகுப்பின்படியே தயாரித்தது. நீலகிரிச் சோலைக்கு அதில் 11ஏ/சி1 என்று குறி. எந்த வனக் கோட்டத்துச் செயல்திட்டத்தை எடுத்தாலும் இந்தக் குறிகள் இருக்கும். சாம்பியன் பெயர் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. ஒரு கருத்து எல்லாருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டால் அதை உண்டாக்கியவருக்கு மேற்கோள் நின்றுவிடும் என்று சமூகவியலாளர் மெர்ட்டன் முன்பே சொல்லியிருக்கிறார். யூக்ளிட்டை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?

கேரளத்திலிருந்தும் ஓர் உதாரணம். நிலம்பூர் தேக்குத் தோட்டத்தில் இலை தின்னும் புழுவால் மரம் எவ்வளவு வளர்ச்சியை இழக்கிறது என்று அம்மாநில வன ஆராய்ச்சி நிறுவனம் அளந்தது. பெருத்திருக்க வேண்டிய அளவில் 44 சதவீதம் போய்விடுகிறது என்று தெரிந்தது. தேக்கு பற்றிப் பேசுகிறவர்கள் உலகமெங்கும் சொல்லும் எண் இது. 1985-இல் அது வெளிவந்தது நிறுவனத்தின் சொந்த ஆய்வறிக்கையாக. தாக்கக் காரணி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு போடுகிற விவசாயி எந்தக் குளோன் நடுகிறார் என்பதும் எங்கோ ஓர் ஆய்வின் விளைவுதான். அவர் காட்டும் மேற்கோள், அடுத்த முறை அதே நாற்றை வாங்குவது.

அரைப் பக்கக் குறிப்புக்கு என்ன ஆயிற்று

மாணவரிடம் திரும்பி வருகிறேன். அவர் கடைசியில் தன் இயலை இரண்டாகப் பிரித்தார். மூங்கில் மரபணு பற்றிய பகுதி வெளிநாட்டு இதழுக்குப் போயிற்று. கள ஆய்வின்போது அவர் நேரில் பார்த்துக் குறித்து வைத்திருந்த பூப்பு விவரம், எந்த ஓடை, எந்த மாதம், எவ்வளவு பரப்பு என்ற பட்டியல், பின்னிணைப்பில் உட்கார்ந்துகொண்டது. அதை ஒரு சிறு குறிப்பாக எழுதச் சொன்னேன். “ஒன்றரைப் பக்கம் சார், அதுக்குப் புள்ளி வராது” என்றார்.

தாக்கக் காரணி இந்தியன் ஃபாரஸ்டர் போன்ற இதழ்களுக்குச் செய்த பெரிய கெடுதல் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தரவரிசையில் கீழே தள்ளியதைக்கூட மன்னித்துவிடலாம். இதழின் மிக நீண்ட வீச்சுக்குக் காரணமாக இருந்த எழுத்து வகையையே எழுத ஆளில்லாமல் ஆக்கிவிட்டது. சுருக்கம், முன்னுரை, முறை, முடிவு, அட்டவணை எல்லாம் வைத்து ஒப்பேற்றிய எட்டுப் பக்கக் கட்டுரைக்குப் புள்ளி உண்டு. ‘நேற்று இங்கே இது பூத்தது’ என்பதற்குப் புள்ளி கிடையாது. வகுத்தல் கணக்கில் சிறு குறிப்பு பதிப்பாசிரியருக்கும் சுமைதான்: கட்டுரை என்று சேர்த்தால் கீழே வகுக்கும் எண் கூடும், மேலே மேற்கோள் கூடாது.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வயநாடு, நாகரஹொளே, முதுமலைப் பக்கம் முள்மூங்கில் கூட்டம் கூட்டமாகப் பூத்துக் காய்ந்தது. பழங்குடி மக்கள் மூங்கிலரிசி கூட்டி எடுத்தார்கள். சாலையோரம் படி கணக்கில் விற்றது. யானைக்குத் தீனி போயிற்றே என்று வனத்துறை கவலைப்பட்டது. செய்தித்தாளில் படம் வந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு எந்தச் சரிவில் முதலில் பூத்தது என்று வரப்பு வரப்பாகத் தெரியும். சரக அலுவலகக் குறிப்பேடுகளில் சில வரிகள் இருக்கும், கைபேசிகளில் படங்கள் இருக்கும். அதே மூங்கில் அடுத்து பூக்கும்போது 2050-கள் ஆகியிருக்கும். மெலோகன்னாவுக்கும் கணக்குப்படி 2055. அன்றைக்கு இதை ஆராய வருபவர் 1899-ஆம் ஆண்டு பிராண்டிஸ் எழுதியதை எடுத்துவிடுவார், 1914-ஆம் ஆண்டு புரோம் கோட்டத்துக் குறிப்பையும் எடுத்துவிடுவார். 2010-க்கு எதைத் திறப்பார் என்று மாணவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பின்னிணைப்பு இருந்த பக்கத்தைத் திறந்து தேதிகளைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.